மங்கு வைத்த மரங்கள்

அம்மா ஒருநாளும் ஒரே மரத்தடியில் நின்று மங்கு நிறையட்டும் என்று காத்திருந்ததில்லை. டெங்கில் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் அவருக்கு ஒதுக்கிய நிரையில் ஐந்நூறு மரத்துக்கு மேல். இருட்டோடு பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு முதல் மரத்துக்குப் போவார். பழைய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்துக் கூடையில் போட்டு, பட்டையை மெல்லிசாகச் சீவி, பால் சொட்டும் கிண்ணமான மங்கை நிமிர்த்தி வைப்பார். முதல் சொட்டு விழுவதைக்கூட முழுசாகப் பார்க்க மாட்டார்; அடுத்த மரம். குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். நிற்க நேரம் ஏது? கடைசி மரம் முடிந்து, கோப்பி குடித்து, கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார்ந்து எழுந்த பிறகு, வாளியோடு முதல் மரத்துக்கே திரும்புவார். அதற்குள் ஐந்நூறு மங்கிலும் அவர் பார்க்காமலே பால் சேர்ந்திருக்கும்.

நான் உலாவிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன். அம்மாவுக்குக் கைப்பழக்கமாக இருந்த இந்தக் காரியத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள எங்கள் தொழிலுக்கு இருபது வருடம் பிடித்தது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். 2015 ஜூனில்தான் இதற்கான கருவியான புராமிஸ் அந்த மொழியின் தரநூலில் ஏறியது.

அதே 1995-இல்தான் எங்கள் பக்கத்தில் புத்ராஜெயா எழும்பத் தொடங்கியது. அது நிற்கும் இடம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் ராணுவத்தினர் திறந்த தோட்டம் அது. பெயருக்கு மலாயில் ‘பெரும் போர்’ என்றே பொருள். ரப்பர் நடுகிறவர்கள் பிபி 86, பிபி 260 என்று சொல்லும் ஒட்டுரகங்களில் உள்ள ‘பிபி’ இந்தப் பிராங் பெசாரின் முதலெழுத்துகள்தான். கேரளத்துக்காரர் ஒருவர் என்னிடம் தம் ஊர்த் தோட்டத்து மர ரகத்தைப் பெருமையாகச் சொன்னபோது, “அது எங்க வீட்டுக்குப் பக்கத்துல பொறந்தது” என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. 1996-இல் மல்ட்டிமீடியா சூப்பர் காரிடோர் திட்டம் வந்தது, 1997 மேயில் சைபர்ஜெயா. தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் அங்கே காவலுக்குப் போனார்கள், சிலர் புல் வெட்டப் போனார்கள். இம்பி பிளாசாவில் அரைவிலைக்கு வாங்கிய கணினியை வைத்துத் தட்டிப் பழகியிருந்ததால் நான் நிரல் எழுதப் போனேன்.

போன புதிதில் செய்த தப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரே ஒரு கைதான். பக்கத்தை வரைவது, சொடுக்கைக் கவனிப்பது, நம் நிரலை ஓட்டுவது எல்லாம் அந்த ஒரு கை செய்யவேண்டியவை. சர்வரிலிருந்து ஒரு தகவலைக் கேட்டுவிட்டு, அது வரும்வரை அந்தக் கையை நிறுத்தி வைத்தால் பக்கம் முழுக்கக் கல்லாகிவிடும். எழுத்து நகராது, பொத்தான் அமுங்காது. நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்ட் என்ற கருவியை மைக்ரோசாப்டின் அவுட்லுக் வலைப்பதிப்புக் குழுவினர் உருவாக்கி, 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ஓடு வெளியிட்டிருந்தார்கள். அதன் திறப்பு வரியில் மூன்றாவது மதிப்பாக ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்தால், பதில் வரும்வரை எல்லாம் நிற்கும். அலுவலகத்தின் வேகமான இணைப்பில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் மோடம் கீச்சிட்டுக் கூவித் தொலைபேசிக் கம்பி வழியாக இணைந்த பிறகு அதே பக்கத்தைத் திறந்தேன். திரை வெள்ளையாக உறைந்தது. அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, “என்னய்யா, செத்துப்போச்சா?” என்றார்.

நிற்காமல் இருக்க அன்று இருந்த ஒரே வழி கால்பேக். “பதில் வந்ததும் இந்த வேலையைச் செய்” என்று ஒரு ஃபங்ஷனை எழுதி, கேட்கும்போதே கூடவே கொடுத்துவிடுவது. எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்ட் தன் நிலையை 0-இலிருந்து 4 வரை எண்களாகச் சொல்லும்; 4 வந்ததா, சர்வர் 200 என்றதா என்று ஒவ்வொரு முறையும் நாமே பார்க்க வேண்டும். 2004-இல் ஜிமெயிலும் 2005-இல் கூகுள் மேப்ஸும் இந்தப் பழைய கருவியைக் கொண்டே பக்கம் புதுப்பிக்காமல் இயங்கிக் காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அதற்கு அஜாக்ஸ் என்று பேர் வைத்தார். பேர் கிடைத்ததும் எல்லா வாடிக்கையாளருக்கும் அது வேண்டியிருந்தது.

ஒரு கால்பேக் இருந்தால் அழகுதான். ஆனால் உண்மையான வேலை ஒன்றோடு நிற்பதில்லை. ஆள் யார் என்று கேள். வந்ததும் அவருடைய கணக்கு எண்ணைக் கேள். அது வந்ததும் பில்லைக் கேள். அது வந்ததும் முகவரியைக் கேள். ஒவ்வொரு ‘வந்ததும்’ ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷன். நிரல் கீழே இறங்குவதற்குப் பதிலாக வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். கடைசியில் அடைப்புக்குறிகள் மட்டும் பத்து வரி, எது எதை மூடுகிறது என்று விரல் வைத்து எண்ண வேண்டும். தப்பு நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் ஒவ்வொரு படியிலும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு படியில் மறந்தால் அங்கே நேரும் தப்பு சத்தமில்லாமல் புதைந்துவிடும். தப்பைப் பிடிக்கும் வழக்கமான ‘டிரை–கேட்ச்’ வலை இங்கே உதவாது. அந்த வலையை விரித்துவிட்டு நிரல் எப்போதோ கடந்து போயிருக்கும். கால்பேக் பிறகு வந்து விழும்போது கீழே வலை இல்லை.

சரிந்த நிரலைப் பற்றித்தான் அன்று எல்லோரும் புலம்பினோம். அதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று, அது எனக்கு ஒரு தீபாவளி வாரத்தில் விளங்கியது. கிள்ளானில் பலகாரம் விற்கும் கடை ஒன்றுக்கு இணையத்தில் முன்பதிவுப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். பணம் வாங்கித் தரும் பகுதி வேறொரு நிறுவனத்தின் ஸ்கிரிப்ட். “பணம் வந்ததும் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு” என்று என் ஃபங்ஷனை அதனிடம் ஒப்படைத்திருந்தேன். இணைப்பு தடுமாறிய நேரங்களில் அது என் ஃபங்ஷனை இரண்டு முறை கூப்பிட்டது. பணம் ஒருமுறைதான் போயிற்று, ஆர்டர் இரண்டாகப் பதிவானது. பத்துக் கிலோ முறுக்கு கேட்டவருக்கு இருபது கிலோ சுட்டு வைத்துவிட்டார் கடைக்கார அம்மா. பழியை யார்மேல் போடுவது? என் வேலையை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் ஒருமுறைதான் கூப்பிடுவார், கட்டாயம் கூப்பிடுவார், சரியான நேரத்தில் கூப்பிடுவார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கால்பேக் என்றால் அதுதான்.

புராமிஸ் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் திருப்பிப் போட்டது. என் ஃபங்ஷனை எதிராளியிடம் கொடுப்பது போய், எதிராளி என் கையில் ஒரு பொருளைத் தருகிறான். இன்னும் மதிப்பு வராத, ஆனால் வரப்போகும் மதிப்புக்கான இடம். மங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தி பட்ட மறு நிமிடமே மங்கு இருக்கிறது, பால்தான் இனி வர வேண்டும். நான் அந்த மங்கைக் கையில் வைத்துக்கொள்ளலாம், இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாம், இரண்டு பேர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம்.

அதற்கு மூன்றே நிலைகள்: நிலுவை, நிறைவு, மறுப்பு. நிலுவையிலிருந்து மற்ற இரண்டில் ஒன்றுக்குப் போகும், ஒரே முறை. போனபின் மாறாது. எதிராளி இரண்டாம் முறை ‘முடிந்தது’ என்று கத்தினாலும் காதில் விழாது. அந்தப் பலகாரக் கடைக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். இன்னொன்று, பால் நிறைந்த பிறகு தாமதமாக வந்து ‘தென்’, அதாவது ‘வந்ததும் இதைச் செய்’, என்று கேட்டாலும் மதிப்பு கிடைக்கும். பழைய நிகழ்வுமுறையில் அது கிடையாது. மணி அடித்தபோது நீ அங்கே இல்லையென்றால் உனக்கு மணி அடிக்கவே இல்லை. மேலும், ஒவ்வொரு ‘தென்’னும் புதிய புராமிஸ் ஒன்றைத் திருப்பித் தருவதால் வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோக்கலாம், கோவையின் அடியில் ஒரே ஒரு ‘கேட்ச்’ வைத்தால் மேலே எந்தப் படியில் சறுக்கினாலும் அங்கே வந்து விழும். வலப்பக்கம் சரிந்த நிரல் நிமிர்ந்துகொண்டது.

இந்த எண்ணம் புதிதல்ல என்பதுதான் வயிற்றெரிச்சல். ‘புராமிஸ்’ என்ற பேரை டேனியல் ஃபிரீட்மனும் டேவிட் வைஸும் 1976-இலேயே முன்வைத்துவிட்டார்கள். 1988-இல் பார்பரா லிஸ்கோவும் லியுபா ஷ்ரிராவும் பல கணினிகளுக்கிடையே பேசும் நிரலுக்காக அதை விரிவாக எழுதினார்கள். எங்கள் உலாவி உலகத்துக்கு அது டோஜோ போன்ற நூலகங்கள் வழியாகத்தான் மெல்ல வந்தது. 2011 ஜனவரியில் ஜெக்வெரி 1.5-இல் ‘டிஃபர்ட்’ என்று ஒன்று வந்தபோதுதான் என்னைப் போன்றவர்கள் கண்ணில் பட்டது. அதிலும் குறை இருந்தது: ‘தென்’னுக்குள் நேரும் தப்பு கீழே உள்ள பிடிப்புக்குப் போகாமல் வெளியே வெடிக்கும், 2016-இல் வந்த ஜெக்வெரி 3 வரை அப்படித்தான். இதற்கிடையே நூலகத்துக்கு ஒரு புராமிஸ், ஒன்றின் மங்கு இன்னொன்றின் மரத்துக்குப் பொருந்தாது. புராமிஸ்–ஏ பிளஸ் என்ற பொது இலக்கணம் வந்துதான் அந்தக் குழப்பம் அடங்கியது. 2014-இல் குரோம் 32-உம் ஃபயர்பாக்ஸ் 29-உம் புராமிஸை உலாவிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கடைசிவரை கொடுக்கவில்லை. அதற்காக ஒட்டுநிரல் ஒன்றைப் பல வருடம் சுமந்தோம். 2022 ஜூனில் அந்த உலாவிக்கு மைக்ரோசாப்ட் விடைகொடுத்த அன்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எல்லோருக்கும் நாசி லெமாக் வாங்கி வந்தார்.

நிலுவை என்ற நிலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புராமிஸுக்குக் கெடு கிடையாது. எதிராளி நிறைவும் சொல்லாமல் மறுப்பும் சொல்லாமல் போய்விட்டால் அது என்றென்றும் நிலுவையிலேயே இருக்கும். பிழைச்செய்தி வராது, சிவப்பு எழுத்து வராது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கும்போது புராமிஸை ‘வாக்குறுதி’ என்று தமிழில் சொல்வேன். டெங்கிலில் அந்தச் சொல்லை லேசாகச் சொல்லிவிட முடியாது. பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய தோட்டங்களின் குடும்பங்களைத் தொண்ணூறுகளின் இறுதியில் இங்கே தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது தரைவீடு. கட்டடத்தின் சுவர்களில் விரிசல் விழுந்தது, தரைவீட்டுக் கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. ‘நிலுவை’ என்றால் என்ன என்று நான் கேட்டபோது அந்தக் குடியிருப்புப் பிள்ளை ஒருத்தி, “எங்க பாட்டி வீடு மாதிரி” என்றாள். வகுப்பு சிரித்தது, நான் சிரிக்கவில்லை.

நிரலில் மட்டும் கெடுவை நாமே வைத்துக்கொள்ளலாம். உண்மையான கோரிக்கையையும் பத்து நொடிக் கடிகாரத்தையும் ‘புராமிஸ் ரேஸ்’ என்று ஓடவிட்டு, எது முந்துகிறதோ அதை எடுத்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் தோற்ற கோரிக்கை பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதை உண்மையிலேயே நிறுத்த அபார்ட் கண்ட்ரோலர் என்ற தனிக் கருவி 2017 வாக்கில் உலாவிகளுக்குள் வரத் தொடங்கியது. புராமிஸுக்குள்ளேயே ரத்து செய்யும் வசதியைக் கொண்டுவர நடந்த முயற்சி 2016 இறுதியில் கைவிடப்பட்டது. எனக்கு அது சரியென்றே படுகிறது. ஒரே மங்கை நம்பி இரண்டு பேர் இருக்கும்போது ஒருவர் வந்து கவிழ்த்துவிட்டுப் போனால் மற்றவர் என்ன செய்வார்?

பிறகு 2017-இல் ‘அவெய்ட்’ தரநூலில் ஏறியது. சி ஷார்ப் மொழியில் 2012-இலேயே இருந்த வசதி. அதன் ஜோடிச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்தால் ‘அசிங்க்’ என்று வருகிறது. கரும்பலகையில் எழுதிய அன்று பிள்ளைகள் அடக்க முடியாமல் சிரித்தார்கள், அதிலிருந்து ‘ஏசிங்க்’ என்றே எழுதுகிறேன். ஃபங்ஷனின் முன்னால் ஏசிங்க், காத்திருக்க வேண்டிய வரியில் அவெய்ட். அவ்வளவுதான். ஆளைக் கேள், கணக்கைக் கேள், பில்லைக் கேள் என்று நிரல் மேலிருந்து கீழாகப் பேச்சு மாதிரியே இறங்குகிறது. அந்த ஃபங்ஷன் மட்டும் அவெய்ட் வரியில் ஓரமாக ஒதுங்கி நிற்கும், உலாவியின் ஒற்றைக் கை வேறு வேலைக்குப் போய்விடும். டிரை–கேட்ச் வலையும் மறுபடி வேலை செய்கிறது. அடியில் இருப்பது அதே புராமிஸ்தான், மேலே சட்டை மட்டும் புதுசு.

இன்றைக்கு வேலைக்கு வரும் தம்பிமார்கள் நேராக இந்தச் சட்டையைத்தான் பார்க்கிறார்கள், உள்ளே இருக்கும் உடம்பைப் பார்த்ததில்லை. அவெய்ட் போட மறந்துவிட்டு, பில் தொகை வரவேண்டிய இடத்தில் ‘ஆப்ஜெக்ட் புராமிஸ்’ என்று திரையில் வந்து நிற்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். பாலுக்குப் பதில் மங்கையே ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது போல. சர்வரிடம் தகவல் கேட்க இப்போது பயன்படுத்தும் ஃபெட்ச் விஷயத்தில் இன்னொரு குழி. சர்வர் ‘நீ கேட்டது இங்கே இல்லை’ என்று 404 சொன்னாலும், ‘நானே உடைந்துவிட்டேன்’ என்று 500 சொன்னாலும் ஃபெட்ச் தரும் புராமிஸ் நிறைவு என்றே சொல்லும். இணைப்பே அறுந்தால்தான் மறுப்பு. ‘ஓகே’ என்ற பண்பைத் திறந்து பார்க்காமல் மேலே போனால், மங்கு நிறைந்திருக்கும், உள்ளே மழைத்தண்ணீர்.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் படிக்க வேண்டுமென்றால் அதற்குரிய எழுத்துருவைப் படிப்பவரே இறக்கிப் பதிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் எங்கள் வீட்டுக் கணினியில் முதலில் ஏறிய மென்பொருள்களில் ஒன்று. பதியாதவருக்குத் திரையில் கட்டங்களும் கிறுக்கல்களும்தான். இன்று எழுத்துரு பக்கத்தோடு சேர்ந்தே இறங்குகிறது. அது வந்துசேர்ந்ததா என்று உலாவி சொல்வதுகூட ஒரு புராமிஸ் வழியாகத்தான், ‘டாக்குமெண்ட் ஃபான்ட்ஸ் ரெடி’ என்று. திருமண அழைப்பிதழ் செய்யும் பக்கமொன்றில் பெயரை எழுத்துரு வருவதற்கு முன்பே படமாக வரைந்துவிட்டு, மாப்பிள்ளை பெயர் வேறு எழுத்தில் கோணலாக வந்து, பிறகு அந்த ஒரு வரி அவெய்ட் சேர்த்ததும் சரியானது. அம்மாவுக்கு அதைக் காட்டினேன். “எழுத்து அழகா இருக்கு” என்றார். நான் எதிர்பார்த்த பாராட்டு வேறு, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் முகப்புப் பக்கம் மெதுவாக வருகிறது என்று கூப்பிட்டான். வானிலை, ரயில் நேரம், அறிவிப்புகள் என்று மூன்று பெட்டிகள். மூன்று ஃபெட்ச், ஒவ்வொன்றின் முன்னாலும் அவெய்ட். ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கேட்கிறது. படிக்கச் சுத்தமாக இருந்தது.

“ஒன்னுக்கொன்னு சம்பந்தம் இருக்கா?”

“இல்லண்ணே.”

“அப்புறம் ஏன் ஒரு மரத்தடியில நின்னுக்கிட்டு இருக்க?”

அவனுக்குப் புரியவில்லை. பூச்சோங்கில் வளர்ந்த பிள்ளை, பால் மரம் வெட்டிப் பார்த்ததில்லை. அம்மாவின் நிரையைப் பற்றிச் சொன்னேன். மூன்றையும் முதலில் தொடங்கிவிட்டு, மூன்று புராமிஸையும் ‘புராமிஸ் ஆல்’ என்பதிடம் கொடுத்து, அங்கே ஒரே ஒரு அவெய்ட் போட்டான். மூன்றின் நேரத்தைக் கூட்டிய அளவு காத்திருந்த பக்கம், மூன்றில் மெதுவானது வரும்வரை மட்டும் காத்திருந்தது. சந்தோஷமாக எழுந்து போனவன் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். ரயில் நேரம் தரும் சர்வர் படுத்துவிட்டது, அதனால் மூன்று பெட்டிகளும் காலி.

“ஒன்னு மறுத்தா ஆல் மொத்தமா மறுத்துடும்” என்றேன்.

“அப்ப உங்க அம்மா என்னண்ணே செய்வாங்க? பாதி மரம் மழையில நனைஞ்சா?”

மழை பிடித்துக்கொண்ட காலைகள் நினைவுக்கு வந்தன. பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு மரமெங்கும் வழிந்துவிடும். அம்மா வாளியோடு ஓடுவார். எல்லா மரத்துக்கும் போவார், ஒன்று விடாமல். பால் இருந்த மங்கை வாளியில் ஊற்றுவார், தண்ணீராகிப்போனதைக் கொட்டிவிட்டு மங்கைக் கவிழ்த்து வைப்பார். ஸ்டோரில் நிறுக்கும்போது எத்தனை மரம் போயிற்று என்று கிராணி கேட்பார், அம்மாவிடம் கணக்கு இருக்கும்.

“ஆல் செட்டில்டுன்னு ஒன்னு இருக்கு, 2020-இல வந்தது” என்றேன். “எது வந்தது, எது போச்சுன்னு தனித்தனியா சொல்லும். போய்ப் பாரு.”